இன்னும் கொஞ்ச தூரம்தான்

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

தென் துருவத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். சம்பந்தம் இந்த ஊரிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் ராயல் இந்தியன் மரைன் என்று ஒரு கடற்படை இருந்தது. அதன் தலைமையிடம் பம்பாய். அதில் அதிகாரியாக இருந்தவர் ஹென்றி பவர்ஸ். ஐந்தடி நாலு அங்குலம்தான் உயரம், மூக்கு மட்டும் பெரிசு. 1910இல் இந்த வேலையிலிருந்து கிளம்பிப்போய் தென் துருவத்தை முதலில் தொட முயன்ற ஆங்கிலேயர் ஸ்காட்டின் குழுவில் சேர்ந்தார். அம்பேத்கர் பிறந்த ஊரான மாவ் ராணுவ முகாமிலிருந்து ஓட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரியும் அதே குழுவுக்குப் போனார். அவர் தன் பங்காக ஆயிரம் பவுண்ட் பணமும் கொடுத்தார். கையிலிருந்து காசு கொடுத்துப் பனிக்குள் போகிறார் ஒரு மனிதர் என்றால், அந்த ஆசை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்!

பவர்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். 1911 ஜூன் கடைசியில், சூரியனே வராத துருவக் குளிர்காலத்தில், அவரும் டாக்டர் வில்சனும் செர்ரி-கரார்ட் என்ற இளைஞரும் பேரரசப் பெங்குவின் முட்டை எடுத்துவரக் கிளம்பினார்கள். ஐந்து வாரப் பயணம். குளிர் மைனஸ் 60 டிகிரி வரை போனது. ஒருநாள் காலை செர்ரி-கரார்ட் கூடாரத்தை விட்டு வெளியே வந்து சுற்றிப் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான், உடுப்பு அப்படியே உறைந்து கட்டையாகிவிட்டது. தலையைக் குனிய முடியாமல், நிமிர்ந்த தலையோடு நாலு மணி நேரம், சாமான் ஏற்றிய பனிச்சறுக்கு வண்டியை இழுத்தார். அதற்கப்புறம் வெளியே வந்ததும் வண்டி இழுக்கிற தோதில் குனிந்து நின்றுகொள்ள எல்லோரும் பழகிக்கொண்டார்களாம். புயலில் கூடாரம் பறந்து போனது. அது திரும்பக் கிடைத்திராவிட்டால் மூவரும் அங்கேயே முடிந்திருப்பார்கள். கொண்டுவந்தது மூன்று முட்டை.

அதிலிருந்து மூன்றே மாதத்தில் பவர்ஸ் மறுபடி கிளம்பிவிட்டார், இந்த முறை துருவத்துக்கே. உடம்பு இன்னும் தேறியிருக்குமா? யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மனசுக்குள் இருக்கும் இந்த இழுப்பைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

துருவத்துக்குக் கடைசியாக நாலு பேர் போவதாக ஏற்பாடு. உணவுப் பொட்டலம் நாலு பேருக்குக் கட்டியது, கூடாரமும் நாலு பேருக்கானது. 1912 ஜனவரி தொடக்கத்தில் ஸ்காட் ஐந்தாவது ஆளாகப் பவர்ஸைச் சேர்த்துக்கொண்டார். பவர்ஸின் பனிச்சறுக்குக் கட்டைகளோ பின்னால் கிடங்கில் கிடந்தன. மற்ற நால்வரும் சறுக்கிப் போக, அவர் மட்டும் பனியில் கால் புதையப் புதைய நடந்தார். ஜனவரி 17இல் போய்ச் சேர்ந்தார்கள். நார்வேக்காரர் அமுண்ட்சன் ஒரு மாதத்துக்கு முன்பே, டிசம்பர் 14இல், வந்து கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார்.

அப்புறம் திரும்பி நடக்க வேண்டிய தூரம் 1,300 கிலோமீட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது சுமார் 4,500 கலோரி, வண்டி இழுக்கிற உடம்பு கேட்பது 6,000க்கு மேல். அங்கே குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும், உருக்க மண்ணெண்ணெய் வேண்டும். வழியில் வைத்திருந்த டின்களைத் திறந்தால் எண்ணெய் குறைந்திருந்தது. மூடியில் இருந்த தோல் வளையம் குளிரில் கெட்டுப்போய், உள்ளே இருந்தது ஆவியாகிவிட்டது. முதலில், ஐவரில் ஒருவரான எவான்ஸ் இறந்தார். கால் அழுகிய ஓட்ஸ், தன்னால் மற்றவர்கள் சாகக் கூடாது என்று புயலுக்குள் நடந்து போய்விட்டார். மிச்சம் மூவர் ஸ்காட், வில்சன், பவர்ஸ். உணவுக் கிடங்குக்கு இன்னும் 20 கிலோமீட்டர்தான், இங்கிருந்து முலுண்ட் போகிற தூரம். கூடாரத்தை விட்டு வெளியே வர முடியவில்லை.

அந்த நிலையிலும் 16 கிலோ கல்லை அவர்கள் வண்டியிலிருந்து இறக்கவில்லை. அதில் குளோசாப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் படிமம் இருந்தது. நம் ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிப் படுகைகளில் கிடைப்பதும் இதே தாவரம்தான். அண்டார்க்டிகாவும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்ததற்கு அது சான்று. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அவர்களைத் தேடிப்போன குழுவோடு சென்றவையும் இந்தியாவிலிருந்து அனுப்பிய ஏழு கோவேறு கழுதைகள். லால் கான், குலாப், பேகம், ராணி என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மழைக்காலத்தில் நீங்கள் கல்சுபாய் சிகரத்துக்கும் மலைக்கோட்டைகளுக்கும் ஏறுகிறீர்கள். உச்சி தெரிகிற நேரத்தில் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று யாராவது ஒருவர் சொல்வார். மேலே போய்ச் சேர்ந்தால் பாதி வழிதான் முடிந்தது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்காது. நடந்து வந்த தூரமே மேலும் நடக்கக் காரணமாகிவிடும். குளிரைவிட, பசியைவிட, இந்த எண்ணம்தான் அபாயம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த எண்ணத்தை வென்றவர், ஸ்காட்டுக்கு முன்பே துருவத்துக்குக் கிளம்பிய ஷாக்கிள்டன். 1909 ஜனவரி 9, துருவம் இன்னும் 180 கிலோமீட்டர். போயிருந்தால் முதல் மனிதர் அவர்தான். ஆனால் கையிருப்பு உணவைக் கணக்குப் பார்த்தார், நாலு பேரும் உயிரோடு திரும்ப முடியாது என்று தெரிந்தது, திரும்பிவிட்டார். எனக்கு எந்தத் துருவ வெற்றியையும்விட இந்த முடிவுதான் பெரிது. ஆனால் அந்த இழுப்பு அவரையும் விடவில்லை. 1914இல் போனார், 1921இல் மறுபடி போனார், 1922 ஜனவரியில் தெற்கு ஜார்ஜியா தீவில் கப்பலிலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 47.

நூறாண்டு கழித்து, ஷாக்கிள்டனைத் தெய்வமாக நினைத்த ஹென்றி வோர்ஸ்லி தனி ஆளாக அண்டார்க்டிகாவைக் கடக்கக் கிளம்பினார். 71 நாள் வண்டி இழுத்தார். முடிக்க 50 கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் உதவி கேட்டார். விமானம் வந்து தூக்கிப்போனது. வயிற்றுக்குள் கிருமி பரவி, 2016 ஜனவரி 24இல் சிலி நாட்டு மருத்துவமனையில் இறந்தார். எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு ஷாக்கிள்டனையே முன்மாதிரியாகக் கொண்டவர் அவர். தெரிந்தும் தாமதமாகிவிட்டது.

வீட்டில் இருந்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஸ்காட் தன் நாட்குறிப்பை மனைவிக்கு அனுப்பச் சொல்லி எழுதி, 'மனைவி' என்பதை அடித்துவிட்டு 'விதவை' என்று திருத்தினார். அது 1912 மார்ச். கேத்லீனுக்குச் செய்தி கிடைத்தது 1913 பிப்ரவரியில், கணவரை வரவேற்க நியூசிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது. கிட்டத்தட்ட ஒரு வருஷம், இல்லாத மனிதருக்காகக் காத்திருந்திருக்கிறார்.

இன்று மைத்ரி, பாரதி என்று நமக்கே அங்கே நிலையங்கள் உண்டு. நாமும் உயிர்களைக் கொடுத்திருக்கிறோம். 1990 ஜனவரி 8இல் ஹம்போல்ட் மலை முகாமில் நடந்த விபத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை விஞ்ஞானிகள் மூவரும் கடற்படைத் தகவல்தொடர்பு ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். அவர்களுக்கு அங்கே வைத்த நினைவுப் பலகை, அண்டார்க்டிகாவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் 78ஆவதாக இருக்கிறது.

அந்த நிலையங்களுக்கு விஞ்ஞானிகள் மட்டும் போவதில்லை. டாக்டர், சமையல்காரர், வண்டி மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் எல்லோரும் வேண்டும். கோவாவில் இருக்கும் தேசிய துருவ ஆய்வு மையம்தான் ஆள் எடுக்கிறது. ஆசை இருக்கிற பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், விண்ணப்பம் பற்றிச் சொல்கிறேன். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சரி, இனி உங்கள் கேள்விகள்.