'சோல்டாடோ' பார்த்தவர்களிடம் என்ன கேட்பது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

திரைப்படச் சங்கங்களில் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, பார்வையாளர்களைப் பேசவைக்கிற பொறுப்பில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கைகொடுக்கட்டும் என்றுதான் இன்றைக்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். 2018 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் வெளியான 'சிக்காரியோ: டே ஆஃப் தி சோல்டாடோ'. வன்முறை மிகுந்த படம், அரசியல் கொதிக்கிற படம், போதாததற்கு ஓர் இரண்டாம் பாகம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் படத்துக்குப் பின் நடக்கிற கலந்துரையாடல் பெரும்பாலும் கட்சிச் சண்டையாகிவிடும், அல்லது "முதல் பாகம் மாதிரி வருமா?" என்ற பெருமூச்சோடு கலைந்துவிடும். இரண்டையும் தவிர்க்கலாம். கதையை முழுக்கச் சொல்லித்தான் இதை விளக்க முடியும். படம் பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எண்களை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் கருத்து என்று பேச்செடுத்தாலே எல்லோரும் எண்ணைத்தான் நீட்டுகிறார்கள். முதல் 'சிக்காரியோ' 2015 செப்டம்பரில் 6 திரையரங்குகளில் மட்டும் வெளியாகி, அக்டோபரில்தான் பரவலாகப் போனது. இரண்டாம் பாகம் முதல் நாளே 3,000 அரங்குகளுக்கு மேல். முதல் படத்துக்குப் பரவலான முதல் வார இறுதியில் 12 மில்லியன் டாலர். வட அமெரிக்க மொத்த வசூல் 47 மில்லியனை ஒட்டி நின்றது, ஏறத்தாழ நான்கு மடங்கு. இரண்டாவதற்கு முதல் வார இறுதியில் 19 மில்லியன். மொத்தம் 50 மில்லியன், இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். திறப்பு பெரிது, நீட்சி சிறிது. வெளியே வந்தவர்கள் அடுத்தவரிடம் "போய்ப் பார்" என்று சொன்னது குறைந்திருக்கிறது என்பதற்கு இந்த மடங்குக் கணக்கைப் போல நம்பகமான தடயம் வேறில்லை.

சினிமாஸ்கோர் கணிப்பில் முதல் படத்துக்கு ஏ மைனஸ், இரண்டாவதற்கு பி. பள்ளிக்கூடத்தில் பி வாங்கினால் சந்தோஷப்படலாம். இங்கே அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் நாள் இரவே சீட்டு வாங்கி வந்தவர்களிடம் அட்டை கொடுத்துக் கேட்கும் முறை அது. வந்தவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டு வந்தவர்கள், ஆகவே மதிப்பெண் இயல்பாகவே மேலே ஏறித்தான் நிற்கும். அந்தக் கூட்டத்திடமிருந்து, அதுவும் ஓர் இரண்டாம் பாகத்துக்கு, பி வருகிறதென்றால் அது மந்தமான வரவேற்பு. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தின் சதவீதத்தையும் சராசரி மதிப்பெண் என்று வாசிக்காதீர்கள். நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் "பரவாயில்லை" என்ற கோட்டைத் தாண்டிச் சொன்னார்கள் என்பதுதான் அது. நூறு பேரும் சுமார் என்றே நினைத்தாலும் கோட்டைத் தாண்டியிருந்தால் நூறு சதவீதம் வந்துவிடும். பார்வையாளர்களை ஆழமாகப் பிளக்கிற ஒரு படத்தைப் பற்றி அந்த எண் எதையும் சொல்லாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். முதல் படத்தில் எமிலி ப்ளன்ட் நடித்த கேட் மேசர் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி இருக்கிறார். சட்டத்துக்கு வெளியே நடக்கிற ஒரு நடவடிக்கைக்குள் அவரை இழுத்துவிடுகிறார்கள். மெக்சிகோ எல்லை நகரமான ஹுவாரெஸிலிருந்து திரும்பும் பாலத்தில், நெரிசலில் நிற்கிற கார்களுக்கு நடுவே துப்பாக்கிச் சூடு நடக்கும்போது, நாம் அதைப் பெரும்பாலும் அவர் அமர்ந்திருக்கும் வண்டிக்குள்ளிருந்துதான் பார்க்கிறோம். "இது சட்டமா?" என்று திரும்பத் திரும்ப அவர் கேட்கிறார். கடைசியில், அந்த நடவடிக்கைக்காக அமர்த்தப்பட்ட கொலையாளி அலெஹாந்த்ரோ, அவர் தாடைக்கடியில் துப்பாக்கியை வைத்து, எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்று கையெழுத்து வாங்குகிறான். நாம் கண்ட வன்முறைக்கெல்லாம் ஒரு சாட்சி இருந்தார்; அந்தச் சாட்சியின் வாயை அடைத்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் கேட் இல்லை. எழுத்தாளர் அதே டெய்லர் ஷெரிடன். இயக்கம் டெனி வில்நெவிடமிருந்து ஸ்தெஃபானோ சொல்லிமாவுக்கும், ஒளிப்பதிவு ராஜர் டீக்கின்ஸிடமிருந்து தாரியுஷ் வோல்ஸ்கிக்கும் மாறியது. முதல் படத்துக்கு இசையமைத்த யோஹான் யோஹான்சன் 2018 பிப்ரவரியில் காலமானார். அவருக்குச் செல்லோ வாசித்த ஹில்துர் குட்னதோத்திர்தான் இதற்கு இசை. ரசிகர்கள் இந்தப் பெயர் மாற்றங்களைத்தான் முதலில் அடுக்குவார்கள். அது பேசத் தகுந்ததே. ஆனாலும் மனத்தை உறுத்திய இழப்பு கேட் என்பது என் உறுதியான கருத்து. "என்னவோ குறைகிறது" என்று சொல்கிறவரிடம் "எந்தக் காட்சியில்?" என்று கேட்டால், அநேகமாக அவர் அங்கேதான் வந்து நிற்பார்.

ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்ப்போம். பட்டப்பகல், மெக்சிகோ நகரத் தெரு. கார்ட்டெல் எனப்படும் போதைப்பொருள் கடத்தல் கும்பல் ஒன்றின் வக்கீலை அலெஹாந்த்ரோ சுட்டுக் கொல்கிறான். ஒரு கையில் கைத்துப்பாக்கி, மறுகை விரலால் விசையைத் தட்டித் தட்டி, இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் தோட்டாக்களைக் காலி செய்கிறான். அரங்கில் கைதட்டல் விழுகிற இடம் இது. அந்தக் கைதட்டலுக்காகப் பார்வையாளரைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தத் தெருவில் கேட் நின்றிருந்தால், கேமரா ஒருமுறையாவது அவர் முகத்துக்குப் போயிருக்கும், நமக்குக் கை எழுந்திருக்காது. "வன்முறை அதிகமா?" என்ற கேள்வி இதனால்தான் எதையும் கொண்டுவருவதில்லை, ஆமாம் என்பார்கள், இல்லை என்பார்கள், அதோடு முடிந்தது. "இந்தக் காட்சியைக் கதைக்குள் வேறு யார் பார்த்தார்கள்? சுட்ட பிறகு கேமரா யாரிடம் போனது?" என்று கேளுங்கள். பேச்சு தானாகவே திறக்கும்.

அரசியல் பக்கம் இதைவிட முக்கியம். படத்தின் ஆரம்பத்திலேயே கேன்சஸ் சிட்டி பல்பொருள் அங்காடியில் தற்கொலைக் குண்டுகள் வெடிக்கின்றன. ஒரு தாய், கையில் சிறுமியைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆளிடம் கெஞ்சியபடியே வாசலை நோக்கி நகர்கிறார். அவன் வெடிக்கச் செய்கிறான். அதற்கு முன்பே, எல்லையில் இரவில் பிடிபடும் ஒருவன் தன்னை வெடித்துக்கொள்வதையும், அங்கே தொழுகை விரிப்புகள் கிடைப்பதையும் காட்டியாயிற்று. மெக்சிகோ எல்லை வழியாகத்தான் பயங்கரவாதிகள் வந்தார்கள் என்று படத்தின் அரசாங்கம் முடிவுகட்டுகிறது. கார்ட்டெல்களைப் பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்து, அவற்றை ஒன்றோடொன்று மோதவிட, ஒரு தலைவனின் மகளான இசபெல் என்ற சிறுமியைக் கடத்துகிறது.

பாதிக்கு மேல் போன பிறகு உண்மை வருகிறது: அங்காடியில் குண்டு வைத்தவர்களில் இருவராவது நியூ ஜெர்சிக்காரர்கள், அமெரிக்கக் குடிமக்கள். முழு நடவடிக்கையும் நின்ற அடித்தளமே பொய். படம் தன் அரசாங்கத்தின் மீது வைக்கிற மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுதான். ஆனால் இது வருவது மேலதிகாரி போகிறபோக்கில் சொல்லும் ஒரு வசனத்தில். குண்டுவெடிப்புக்குப் படிமம், உண்மைக்கு வெறும் வாக்கியம். கண்ணில் பதிந்ததைக் காதில் விழுந்த ஒரு வரி அழிக்காது. "இது குடியேறிகளுக்கு எதிரான படம்" என்பவர்களும், "நாட்டுப்பற்றுள்ள படம்" என்று புகழ்கிறவர்களும், பெரும்பாலும் அந்த வரியைத் தவறவிட்டே ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். குறை பார்வையாளர் கவனத்தில் மட்டும் இல்லை. இயக்குநர் எடைபோட்ட விதத்திலும் இருக்கிறது. இதைக் கலந்துரையாடலில் மென்று விழுங்காமல் சொல்லிவிடுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். படம் 122 நிமிடம். முடிந்ததும் உடனே பேசவிடாதீர்கள்; பத்து நிமிடம் இடைவெளி கொடுங்கள். கையில் ஓர் அட்டை, நான்கே கேள்விகள். முதல் பாகம் பார்த்தீர்களா? குண்டு வைத்தவர்கள் எந்த நாட்டவர்? எந்தக் காட்சியில் கண்ணைத் திருப்பிக்கொண்டீர்கள், எந்தக் காட்சியில் உற்சாகம் வந்தது? இசபெல் பக்கம் நின்றது யார், எப்போது? நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். போட்டுவிட்டால் அதற்குப் பின் பேசுவதெல்லாம் போட்ட நட்சத்திரத்துக்கு வக்காலத்தாகிவிடும். எழுதி முடித்த பிறகே வாய் திறக்க வேண்டும். இல்லையென்றால் உரத்த குரலில் முதலில் பேசுகிறவர் சொன்னதைச் சுற்றியே மீதிப் பேர் பேசுவார்கள், தயங்குகிறவர்கள் தங்கள் கருத்தை வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார்கள்.

அட்டைகளை முதல் பாகம் பார்த்தவர், பார்க்காதவர் என்று இரண்டு கட்டாகப் பிரியுங்கள். பார்க்காதவர்களை முதலில் பேசவிடுங்கள். அவர்களுக்கு இது தனிப்படம். கேட் என்ற ஒருவர் இருந்ததே தெரியாது. அலெஹாந்த்ரோ அந்தச் சிறுமிக்காக மனம் மாறுவதையும், காது கேளாத ஒரு மனிதரிடம் அவன் சைகை மொழியில் பேசுவதையும், அந்த மொழி தன் மகளுக்காகக் கற்றது என்பதையும் அவர்கள்தான் கவனித்துச் சொல்வார்கள். முதல் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தவர்கள் கோட்டைவிடுகிற நல்ல இடங்கள் இவை. அதன் பிறகு மற்ற கட்டு.

இரண்டாம் கேள்விக்கான பதில்களைச் சத்தமாக எண்ணிச் சொல்லுங்கள். "மெக்சிகோ" என்றோ வேறு வெளிநாடு என்றோ எழுதியவர்கள் கணிசமாக இருந்தால், அன்றைய பேச்சுக்கு அதுவே போதும். யாரையும் கேலி செய்ய இடம்கொடுக்காதீர்கள். அங்காடிக் காட்சி ஆரம்பத்திலேயே வருவதால், அதைப் பற்றிய எச்சரிக்கையை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். அரங்க வாசலில் சொல்வது காலம் கடந்த எச்சரிக்கை, வந்தவர் கூச்சப்பட்டு உள்ளே போய்விடுவார்.

முடிவு பற்றி ஒரு சச்சரவு கட்டாயம் வரும். கன்னத்தில் குண்டு துளைத்தும் அலெஹாந்த்ரோ பிழைக்கிறான். ஒரு வருடம் கழித்து, தன்னைச் சுட்ட மிகேல் என்ற பையனிடமே வந்து, கொலையாளியாக விருப்பமா என்று கேட்கிறான். நம்ப முடியுமா என்பதில் அரை மணி நேரம் கரைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, "பொய்க் காரணத்துக்காகத் தொடங்கிய நடவடிக்கைக்கு யார் பதில் சொன்னார்கள்?" என்று திருப்புங்கள். ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் பாகத்துக்குக் கதவு திறந்துவைக்கும் அவசரத்தில் படம் தன் பெரிய கேள்வியைக் கீழே போட்டுவிட்டது. எனக்கு இந்தப் படத்தின் மேல் உள்ள வருத்தம் இது ஒன்றுதான்.

கடைசியாக, ஒவ்வோர் அட்டையிலும் தேதி எழுதவையுங்கள். படம் வெளியாவதற்கு ஒன்பது நாள் முன்புதான், எல்லையில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதை நிறுத்தச் சொல்லி ஜூன் 20 அன்று ஆணை வந்திருந்தது; கடத்தப்பட்ட இசபெல்லை அன்று பார்த்தவர் கண்ணில் செய்திப் படங்களும் சேர்ந்தே ஓடின. 2019 ஜனவரியில் எல்லையில் தொழுகை விரிப்புகள் கிடைத்ததாக அமெரிக்க அதிபர் ட்விட்டரில் எழுதியபோது, பலர் இந்தப் படத்தின் தொடக்கத்தை நினைவுகூர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் மெக்சிகோவின் ஆறு கார்ட்டெல்களை அமெரிக்க அரசு வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. படத்தில் கற்பனையாக இருந்த அறிவிப்பு இன்று அரசாணை. 2018 அட்டையையும் இன்றைய அட்டையையும் ஒரே கட்டில் கலந்து வைத்தால் இரண்டுமே புரியாமல் போகும். ஒரே ஆளிடம் இரண்டு தேதியில் வாங்கிய அட்டைகள் கிடைத்தால் அவற்றைச் சேர்த்துக் குத்தி, தனியே எடுத்து வையுங்கள். அடுத்த கூட்டத்தை அவற்றை வாசித்தே தொடங்கலாம்.