இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதே

அனைவருக்கும் வணக்கம்.

2004 டிசம்பர் 26க்கு முன்னால் நம்மில் எத்தனை பேர் சுனாமி என்ற சொல்லைக் கேட்டிருப்போம்? இன்று நாகப்பட்டினத்தில் சிறுபிள்ளைக்கும் அது தெரியும். ஜப்பானிய மொழியில் ‘சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. கடலையே புரட்டிப் போடுகிற ஒன்றுக்குத் துறைமுகத்து அலை என்று ஏன் பெயர் வைத்தார்கள்? அதைப் புரிந்துகொள்ள சான்ரிகு கரைக்குப் போக வேண்டும்.

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவின் வடகிழக்குக் கரை அது. மியாகோ நகருக்கு வடக்கே செங்குத்தான பாறைகள். தெற்கே போனால் மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. கையைத் தரையில் வைத்து விரல்களை விரித்துப் பாருங்கள். விரல்கள் மலைகள், இடுக்குகள் விரிகுடாக்கள். ஒவ்வோர் இடுக்கின் உள்முனையிலும் ஒரு மீனவ ஊர்.

வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டத்துக்கு ஒயாஷியோ என்று பெயர். ‘ஒயா’ என்றால் பெற்றோர். மீன்களைப் பெற்றவர்போல் வளர்க்கிறதாம்! தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான குரோஷியோ இந்தக் கரைக்கு அப்பால்தான் அதோடு சேர்கிறது. அதனால் உலகின் மிக வளமான மீன்பிடிக் கடல்களில் இதுவும் ஒன்று. விரிகுடாக்களுக்குள் காற்றும் அலையும் அடங்கிக் கிடப்பதால் சிப்பியும் கடற்பாசியும் அங்கே வளர்க்கிறார்கள்.

சரி, படகுக்கு அடைக்கலம் தருகிற அதே இடுக்குதான் ஆபத்தும். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல், ஆழமும் குறைவு. ஆழ்கடலில் படகுக்காரருக்கே தெரியாத தாழ்வான அலை இதற்குள் நுழைந்தால், போக்கிடமில்லாமல் மேலே எழும்பும்.

1896 ஜூன் 15. ஆண்பிள்ளைகளுக்கான திருவிழா நாள். மாலையில் நிலம் லேசாக ஆடியது, யாரும் பொருட்படுத்தவில்லை. அரைமணி நேரம் கழித்து கடல் வந்தது. ரியோரி என்ற இடத்தில் 38 மீட்டர் உயரம் வரை ஏறியது. ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள். அன்றிரவு கடலில் இருந்த மீனவர்கள் எதையும் உணரவில்லை. கரைக்குத் திரும்பியவர்கள் கண்டது, ஊர் இருந்த இடத்தில் மிதந்த மரங்களையும் உடல்களையும்தான். துறைமுகத்தில் மட்டும் எழுந்த அலை! அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப் போகும்.

1933 மார்ச் 3 அன்று கடல் மறுபடியும் வந்தது. அதன் பிறகு தாரோ என்ற ஊர் சுவர் எழுப்பத் தொடங்கியது. உயரம் 10 மீட்டர், மொத்த நீளம் சுமார் 2.4 கிலோமீட்டர். 2011 மார்ச் 11இல் கடல் அதைத் தாண்டி வந்தது. சுவரை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் இறந்தவர்களில் உண்டு. அப்புறம் ஃபுதாய் கிராமம். அதன் தலைவர் கொதோகு வாமுரா, கடலைத் தடுக்கும் மதகு 15 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இவ்வளவு செலவா என்று ஏசினார்கள். 1984இல் முடிந்த 15.5 மீட்டர் மதகு, 2011இல் அந்த ஊர் வீடுகளைக் காப்பாற்றியது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

எனக்கோ இவை எல்லாவற்றையும்விட, மியாகோவை அடுத்த அனேயோஷி என்ற சிற்றூரின் கல்தான் பெரிது. 1896இல் அங்கே பிழைத்தவர்கள் இரண்டே பேர். என்றாலும் மறுபடி கரையோரத்திலேயே குடியேறினார்கள். படகும் வலையும் அங்கேதானே இருக்கின்றன! 1933இல் பிழைத்தவர்கள் நான்கு பேர். அதன் பிறகு மேட்டுக்கு ஏறிப் போனார்கள். போகிற வழியில் ஒரு கல்லை நட்டார்கள். “உயரத்தில் வீடு இருந்தால் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் நிம்மதி. பேரலையின் கொடுமையை நினைத்துப் பார். இதற்குக் கீழே வீடு கட்டாதே” என்று அதில் செதுக்கியிருக்கிறது. இரண்டு பேர், நான்கு பேர் என்ற கணக்கையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள்.

துறை கீழே, வீடு மேலே. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சரிவில் ஏறி இறங்கினார்கள். கல்லுக்குக் கீழே யாரும் வீடு கட்டவில்லை. 2011இல் அதே பள்ளத்தாக்கில் கடல் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம் வரை ஏறி வந்தது. கல்லைத் தொடாமல் கீழேயே நின்றது. மேலே இருந்த வீடுகளில் ஒன்றுகூடப் போகவில்லை.