அடிவாரம் முதல் ஏற்காடு வரை ஒரு ஆல்பம்

நேயர்களுக்கு வணக்கம். ராக் இசை என்றதும் வீட்டில் யாராவது ரேடியோவை நிறுத்தப் போனால், கொஞ்சம் பொறுங்கள். நான் பேச வந்தது பாட்டு வரிகளைப் பற்றி.

ஆல்பத்தின் பெயர் ‘தி சன்செட் ட்ரீ’. 2005-ல் அமெரிக்காவின் ‘தி மவுண்டன் கோட்ஸ்’ குழு வெளியிட்டது. எழுதிப் பாடுகிறவர் ஜான் டார்னியல். ஒருகாலத்தில் மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஆரம்பத்தில் வீட்டு டேப் ரெக்கார்டரிலேயே பாடிப் பதிவு செய்தார். அதன் மோட்டார் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்தே ஓடும். இந்த ஆல்பம் ஸ்டுடியோவில் பதிவானது, கிட்டாரோடு பெரிய வயலின் போன்ற செல்லோவும் உண்டு.

பாடுவது அவருடைய சிறுவயதை. அம்மாவின் இரண்டாவது கணவர் கைநீட்டுகிற ஆள். ‘டான்ஸ் மியூசிக்’ பாட்டில் டிவியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சிக்கிய வாட்டர்கேட் ஊழல் விசாரணை ஓடுகிறது. அந்த ஆள் அம்மாவின் தலையைக் குறிவைத்துக் கண்ணாடி டம்ளரை வீசுகிறார். ஐந்தாறு வயதுப் பையன் மாடிக்கு ஓடி, ரெக்கார்ட் பிளேயரில் காதை வைத்துக்கொள்கிறான். மெட்டோ துள்ளல் மெட்டு! முதலில் தலை ஆடும், அப்புறம்தான் வரி உறைக்கும். ‘திஸ் இயர்’ பாட்டில் அதே பையனுக்குப் பதினேழு வயது. உயிரே போனாலும் இந்த வருடத்தைத் தாண்டுவேன் என்கிறான். உயிர் போனபின் எப்படித் தாண்டுவாய் என்று அந்த வயதிடம் கேட்க முடியுமா?

எனக்குப் பெரிதாகத் தெரிவது கடைசிப் பாட்டு, ‘பேல் கிரீன் திங்ஸ்’. அதிகாலை மூன்று மணிக்குச் சகோதரி போன் செய்து, அந்த ஆள் ஒருவழியாகப் போய்ச்சேர்ந்ததைச் சொல்கிறாள். செத்தவரைக் குறை பேசக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். இவர் ஏசவும் இல்லை, மன்னித்துவிட்டதாகப் பாவனை செய்யவும் இல்லை. முதல் மாரடைப்புக்குப் பின் அந்த ஆள் தன்னைக் குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கூட்டிப்போன ஒரு காலையும், தார் வெடிப்பில் முளைத்த வெளிர்பச்சைச் செடிகளும்தான் ஞாபகம் வருகின்றன. வெறுத்த ஆளைப் பற்றி மனசு எதை எடுத்து வைத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டை நான் அதிகம் கேட்டதில்லை.

மொத்தம் 13 பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல். அடிவாரத்தில் போட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு போய்ச் சேரும் நேரம் சரியாக இருக்கும். காரை ஓட்டுகிறவருக்கு மட்டும் வேண்டாம், அவர் வளைவைப் பார்க்கட்டும். உச்சரிப்பு பிடிபடாவிட்டால் வரிகளை முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். குடியும் அடிதடியும் வருவதால், சின்னப் பிள்ளைகள் உடன் இருந்தால் வேறு பாட்டுப் போடுங்கள். நன்றி.