மலை இளைஞரிடம் எதைக் கேட்கிறோம்?

(நீலகிரி இளைஞர்களின் அரசியல், சமூக மனப்பாங்கு பற்றிக் களஆய்வுக்குப் புறப்படும் மாணவர்களிடையே உதகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம்.

கேள்வித்தாளோடு மாவட்டம் முழுக்க நடக்கப் போகிறீர்கள். 18 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் அரசையும் கட்சிகளையும் சாதியையும் வேலையையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்கப் போகிறீர்கள். புறப்படும் முன் ஒரு பேச்சை மனத்திலிருந்து எடுத்து எறிந்துவிடுங்கள்: "மலைப் பசங்களுக்கு அரசியல்ல அக்கறை கிடையாது." கேட்பவர்கள் கேட்கத் தெரியாமல் கேட்டதால் வந்த பேச்சு அது. தன் வீடு நிற்கிற மண்ணுக்கு என்ன காகிதம் இருக்கிறது என்பதை வைத்தே அரசை அளக்கிற தலைமுறை இங்கே வளர்ந்திருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல், "உங்களுக்குப் பிடித்த தலைவர் யார்?" என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்றுதான் பதில் வரும்.

மாநில அளவிலான கருத்துக்கணிப்புகள் நமக்கு ஏன் உதவாது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. தமிழ்நாட்டின் 7.21 கோடியில் இது நூற்றுக்கு ஒன்று. அப்படியென்றால் 1,000 பேரைக் கேட்கும் கணிப்பில் இந்த மாவட்டத்துக்கு வருவது 10 பேர். அதில் இளைஞர் இரண்டு மூன்று பேர். அவர்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாடாளுமன்றத் தேர்தல் முடிவைப் பார்க்கலாமே என்றால், நீலகிரித் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றுதான் மலையில் இருக்கின்றன. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே. நீலகிரியில் ஒருவர் வென்றார் என்பதை மலையின் மனம் என்று எழுதுவது பிழை.

இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 2001இல் இங்கே 7,62,141 பேர். பத்தாண்டில் மாநிலம் வளர, இந்த மாவட்டம் இளைத்திருக்கிறது. படித்த பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிப் போகிறார்கள். வீட்டில் இருப்பவரை மட்டும் கேட்டால் போகாதவர்களின் கருத்து மட்டுமே கிடைக்கும். போனவர்கள்தான் பல வீடுகளில் அரசியலைப் பேசுகிறவர்கள்.

மலையை ஒரே ஊராக நினைக்காதீர்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளில் இளைஞரின் பேச்சு பச்சைத் தேயிலை விலையில் தொடங்கும், பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையில் போய் நிற்கும். டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லைன் வீடுகளில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில்) இருப்பது 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தாத்தாவும் அப்பாவும் உழைத்த தோட்டத்தில், வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள், ஆறு வேறு நிலைமைகள். நகரத்தில் டாக்சி ஓட்டுகிறவருக்கும் லாட்ஜில் வேலை பார்க்கிறவருக்கும் 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சுற்றுலா வாகனங்களுக்கு வந்த இ-பாஸ்தான் அரசியல்.

கூடலூர், பந்தலூரில் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் ஜென்ம நிலங்களை (பரம்பரை உரிமை நிலங்களை) அரசு எடுத்துக்கொள்ள 1969இல் சட்டம் வந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவின் கீழ் வரும் குத்தகை நிலங்களின் உரிமை பல இடங்களில் இன்னும் முடிவாகவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் போன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு கூடலூர்க் காட்டில் மரம் வெட்டியதிலிருந்து பிறந்ததுதான். அதில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாடு முழுக்க எது காடு என்பதையே வரையறுத்தது. "செக்‌ஷன் 17" என்று அங்கே பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பட்டா இல்லை, அதனால் மின் இணைப்பு எளிதில் கிடைக்காது, வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. அப்படி ஒரு வீட்டில் பிறந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் "அரசின் மீது நம்பிக்கை இருக்கிறதா? ஆம், இல்லை" என்று கேட்டால் அவர் எந்த அரசை நினைத்துப் பதில் சொல்வார்? வருவாய்த் துறையா, வனத் துறையா, நீதிமன்றமா, ரேஷன் கடையா? அவருக்கு இவை வேறு வேறு ஆட்கள். ஒருவர் கொடுப்பார், ஒருவர் மறுப்பார். ஆகவே நம்பிக்கைக் கேள்வியை ஒன்றாகக் கேட்காதீர்கள். விஏஓ, ரேஞ்சர், போலீஸ், நீதிமன்றம், உள்ளாட்சி உறுப்பினர், எம்எல்ஏ என்று ஆறாகப் பிரித்துக் கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே உங்கள் ஆய்வுக்கு உயிர் வந்துவிடும்.

இனி எத்தனை பேர் என்ற கணக்கு. புத்தகம் 384 என்று சொல்லும். 95 சதவீத உறுதியில், கூடக்குறைய 5 புள்ளிப் பிழைக்கு அது போதும். ஆனால் அந்தக் கணக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால்தான் பொருந்தும். நீங்கள் ஊர் ஊராகப் போகிறீர்கள். ஒரு ஹட்டியில், ஒரு லைனில் இருப்பவர்கள் ஒருவரைப் போல் ஒருவர் யோசிப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவை 0.1 என்று வைத்துக்கொள்வோம் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே பதில்). 20 இடங்களில் 30 பேர் வீதம் 600 பேரைக் கேட்டால், அதன் உண்மையான எடை ஏறக்குறைய 154 பேருக்குச் சமம். அதே 600 பேரை 60 இடங்களில் 10 பேர் வீதம் கேட்டால் 316 பேருக்குச் சமம். உழைப்பு கூடும், பஸ் செலவு கூடும். ஆனாலும் இரண்டாவதைத்தான் செய்ய வேண்டும். அப்போதும் நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு 150 பேர் என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் பிழை கூடக்குறைய 11 புள்ளி. இரண்டு வட்டாரங்களுக்கு நடுவே 15, 16 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை வித்தியாசம் என்று எழுதாதீர்கள். "கூடலூரில் 45, குன்னூரில் 38" என்று தலைப்புப் போடுகிற ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

வாக்காளர் பட்டியலைப் பாகவாரியாக (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதி ஒரு பாகம்) எடுத்து, 60 பாகங்களைக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். அதோடு நிறுத்தினால் பெரிய ஓட்டை விழும்: பட்டியலில் பெயரே சேராத இளைஞர் முழுவதும் விடுபட்டுப் போவார்கள், அரசியலிலிருந்து மிகவும் விலகி நிற்பவர்களும் அவர்களில்தான் இருப்பார்கள். எனவே பாகத்தின் எல்லைக்குள் வீடுகளை நீங்களே வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு வீட்டிலும் 18–29 வயதினரை மூன்று வகையாக எழுதுங்கள்: ஓட்டு உள்ளவர், ஓட்டு இல்லாதவர், வெளியூரில் தங்கி மாதம் ஒருமுறையாவது வந்து போகிறவர். அதில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் கோவையில் இருந்தால் போனில் கேளுங்கள். "அவன் இல்ல, நீங்க இவன்கிட்ட கேட்டுக்குங்க" என்று வீட்டார் இன்னொருவரைக் காட்டுவார்கள். அங்கே ஆள் மாற்றினால் முன்பு நாம் அடைத்த ஓட்டை மறுபடி திறந்துவிடும்.

மாதத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் ஆய்வு கெடும். ஏப்ரல், மே சீசன். ஓட்டுநரும் லாட்ஜ் ஊழியரும் கையில் கிடைக்க மாட்டார்கள். ஜூன் தொடங்கினால் கூடலூர், பந்தலூர், குந்தாவில் தென்மேற்கு மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவு. படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு இளைஞர் எல்லாம் ஊர் திரும்புவார்கள் என்பதால் அந்த நாட்களில் போகலாம் என்று தோன்றும். ஆனால் ஊர் ஒன்றுகூடி நிற்கும்போது கேட்கிற சமூகக் கேள்விக்கு ஊரின் பதில்தான் வரும். பிப்ரவரி, மார்ச் நல்லது. எஸ்டேட் வேலை முடிந்து மாலையில், அல்லது ஞாயிறு போங்கள்.

கேட்கும் இடமும் ஆளும் பதிலைத் திருப்பும். லைன் வீட்டு வாசலில் கண்காணியோ சூப்பர்வைசரோ நின்றால் கூலி பற்றிய பதில் மாறிவிடும். கலப்புத் திருமணம் பற்றிய கேள்வியை மாமியார் முன்னால் மருமகளிடம் கேட்டால் பயனில்லை; பெண்ணிடம் பெண் கேட்க வேண்டும், தனியாக. சொந்த ஹட்டிக்குச் சொந்த ஹட்டி மாணவரை அனுப்பாதீர்கள். மொழி தெரிந்த, ஊர் வேறான ஆள் வேண்டும். படுகு, மலையாளம், பணியர் பேச்சு ஆகியவற்றில் கேள்விகளை முன்கூட்டியே சொல்லிப் பார்த்து ஒரே வாசகமாக நிலைப்படுத்துங்கள். களத்தில் நின்றபடி ஆளுக்கொரு விதமாக மொழிபெயர்த்தால் பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்டதாக ஆகும்.

ஆர்வத்தைக் கேட்காதீர்கள், செய்ததைக் கேளுங்கள். "கடந்த 12 மாதத்தில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தீர்களா? யாருக்காகவாவது எழுதிக் கொடுத்தீர்களா? யானை வந்ததற்கோ பஸ் வராததற்கோ மறியலில் நின்றீர்களா? தேயிலை விலைக்கான போராட்டத்துக்குப் போனீர்களா?" அரசியல் தெரியாது என்று முதலில் சொன்னவரே இதில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்பதைப் பார்ப்பீர்கள்.

கிராம சபைக்குப் போனீர்களா என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்டுவிடாதீர்கள். இந்த மாவட்டத்தில் ஊராட்சிகள் 35தான். மற்றவை பேரூராட்சிகளும் நகராட்சிகளும். ஹட்டியாகவும் தோட்டமாகவும் கண்ணுக்குத் தெரிகிற எத்தனையோ இடங்கள் பேரூராட்சிக்குள் வருகின்றன. அங்கே கிராம சபை கிடையாது; 2022இல் வந்த, வார்டுக்குள் கூடும் பகுதி சபைதான். அங்குள்ளவர் "போகவில்லை" என்றால் அது அக்கறையின்மை ஆகாது. ஊராட்சியில் இருப்பவரிடம் ஆறு நாட்களையும் சொல்லிக் கேளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பழங்குடி ஊர்களில் 2006 வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை வேறு. அது குடியிருப்பு அளவில் கூடுவது. உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்தால் பதில் வீண்.

ஓட்டுப் போடாதவரிடம் காரணம் கேட்கும்போது "விருப்பமில்லை" என்ற கட்டத்தை முதலில் வைக்காதீர்கள். 2024இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, சீசன் நேரம். அன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி சொல்கிறது, தினக்கூலிக்கும் அது உண்டு. கிடைத்ததா என்று கேளுங்கள். பெயர் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, இடம் மாறினால் படிவம் 8. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள், 17 முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பதில் வாங்கிய பிறகு இதை அவருக்குச் சொல்லிவிட்டு வாருங்கள். முன்னால் சொன்னால் பதில் மாறும்.

கடைசியாக, அட்டவணை போடும் வேலை. தோடர்கள் மொத்தமே சில ஆயிரம் பேருக்குள்தான். "தோடர், பெண், பட்டதாரி, 25 வயது" என்று ஒரு கட்டம் போட்டால் மந்தில் (தோடர் குடியிருப்பில்) இருக்கிற எவரும் அது யார் என்று சொல்லிவிடுவார்கள். 30 பேருக்குக் குறைந்த கட்டத்தில் சதவீதம் எழுதாதீர்கள். ஊர்ப் பெயரை வட்டாரத்தோடு நிறுத்துங்கள். செக்‌ஷன் 17 வீடுகளின் கதவு எண்ணும் போன் எண்ணும் பதில் தாளோடு ஒரே கோப்பில் இருக்கவே கூடாது. தனிப் பதிவேட்டில், எண் குறியீட்டோடு வையுங்கள், சரிபார்ப்பு முடிந்ததும் கிழித்துவிடுங்கள். காலி செய்யச் சொல்லி எப்போது நோட்டீஸ் வருமோ என்று இருக்கிற வீட்டிலிருந்து ஒருவர் நம்மை நம்பிப் பேசியிருப்பார். அந்தத் தாளை வேறு எவரும் கேட்டால், எந்த அலுவலகம் கேட்டாலும், கொடுக்க மாட்டோம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்து, அவர் முன் படித்துக் காட்டிவிட்டு முதல் கேள்வியைக் கேளுங்கள்.