எழுதச் சொன்னோம், பார்க்கச் சொன்னோமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்பிய சுற்றறிக்கை பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் நேற்றோடு முடிந்திருக்கும். “ஏன் சொல்லலை?” என்றால் “மறந்துட்டேன்” என்று பதில் வரும். இதைச் சந்திக்காத பெற்றோர் இருக்க மாட்டீர்கள். அதே குழந்தை எப்போதோ பார்த்த கார்ட்டூனின் வசனத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும். நமக்குக் கோபம் வரும். “அதெல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் மறந்துடுமா?”

மறந்துவிடும். இரண்டும் வேறு வேறு வேலைகள். நடந்து முடிந்ததை நினைவில் வைப்பது ஒன்று. இனிமேல் செய்ய வேண்டியதை, யாரும் கேட்காமலே, சரியான நேரத்தில் நினைத்துக்கொள்வது இன்னொன்று. அதில் பெரியவர்களே தடுமாறுகிறோம். திட்டமிடுவதைக் கவனித்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயது தாண்டிவிடும். ஏழு வயதுப் பிள்ளையிடம் “பொறுப்பே இல்லை” என்று சொல்லி என்ன பயன்? அதனால்தான் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்த நாளிலிருந்து, “நினைவில் வை என்று சொல்லாதீர்கள், குறிப்பேடு கொடுங்கள்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிளானர் என்று கடையில் விற்பதாக இருந்தாலும் சரி, கோடு போட்ட சாதாரண நோட்டாக இருந்தாலும் சரி.

நோட்டு வாங்கியாயிற்று. முதல் பக்கத்தில் பெயர், அதைச் சுற்றிப் பூ. கொஞ்ச நாள் அமர்க்களமாக எழுதும். அப்புறம் நோட்டு பைக்குள்ளேயே தூங்கும். “எங்க பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று நாமும் தீர்ப்பு எழுதிவிடுவோம்.

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். முத்து முத்தான கையெழுத்து. வியாழக்கிழமை ஓவிய வகுப்புக்குப் பழைய சட்டை ஒன்று கொண்டுவர வேண்டும் என்று எழுதி, கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடும் இழுத்திருந்தாள். வியாழக்கிழமை சட்டை வரவில்லை. கேட்டதும் நோட்டைத் திறந்து பெருமையாகக் காட்டினாள். “எழுதியிருக்கேனே, டீச்சர்!” அவளைப் பொறுத்தவரை எழுதியதோடு வேலை முடிந்தது. மீதியை நோட்டு பார்த்துக்கொள்ள வேண்டும்!

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? நம் தொலைபேசியில் எத்தனை பட்டியல்கள் இப்படித் திறக்கப்படாமலே கிடக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

குழந்தைக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம், பார்க்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன்: எழுதுவது பாதி வேலைகூட இல்லை, திரும்பத் திறந்து பார்ப்பதுதான் பழகவேண்டியது. “தினமும் பார்” என்று சொன்னால் நடக்காது. தினமும் என்றால் எப்போது? பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியலாளர் 1999இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். “செய்வேன்” என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, “இது நடந்ததும் அதைச் செய்வேன்” என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் போட்ட முடிச்சு, பையின் ஜிப். இரவு ஜிப்பை மூடுவதற்கு முன் நோட்டைத் திறக்க வேண்டும். அவள் அம்மா வேறு எதையும் நினைவூட்டக் கூடாது, “ஜிப்புக்கு முன்னாடி என்ன?” என்று மட்டும் கேட்கலாம். கொஞ்ச காலத்தில் அந்தக் கேள்வியும் தேவைப்படவில்லை. கையே ஜிப்பில் நின்றுவிடும்.

நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த வயதில் நேற்றும் நாளையும் ஒன்றோடொன்று குழம்பும். “நேத்து மாமா வீட்டுக்குப் போகப் போறோம்” என்று சொல்லும். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ஜீன் பியாஜே, பொம்மை வண்டிகளை வைத்துக் குழந்தைகளிடம் சோதித்திருக்கிறார். இரண்டு வண்டிகள் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகவே நின்றன. ஒன்று வேகமாக ஓடியதால் அதிக தூரம் போயிருந்தது. எது அதிக நேரம் ஓடியது என்று கேட்டால், தூரம் போனதுதான் என்று சின்னக் குழந்தைகள் சொன்னார்கள். அவர்களிடம் போய் “ஏழரைக்குள் கிளம்பணும்” என்றால் என்ன புரியும்? அவர்களுக்கு மணி வேண்டாம், வரிசை போதும். பல் துலக்குவது, குளிப்பது, சட்டை, பை என்று படம் வரைந்து சுவரில் வரிசையாக மாட்டுங்கள். முடிந்த வேலையின் படத்தை அவர்களே திருப்பிப் போடட்டும். அவ்வளவுதான்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையோடு ஒரு விளையாட்டு விளையாடலாம். வேலையை எழுதும்போதே, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பக்கத்தில் எழுதட்டும். முடித்ததும் ஆன நேரத்தையும் எழுதட்டும். திட்டக் கூடாது, இரண்டு எண்களையும் பார்த்துச் சிரிக்கலாம். பெரியவர்களும் இதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1994இல் மூன்று ஆய்வாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று வந்தது. ஆனது 55 நாளுக்கும் மேல்!

இனி என் பழைய வழக்குக்கு வருகிறேன். நோட்டு யாருடையது?

ஒரு பையன், வயது எட்டு. சனிக்கிழமைக் கட்டத்தில், நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை, ‘சும்மா’ என்று எழுதியிருந்தான். அம்மா அதை அழித்துவிட்டு ‘கணக்குப் பயிற்சி’ என்று எழுதினார். அடுத்த வாரம் அவன் ‘சும்மா’வைப் பேனாவால் எழுதினான். அம்மா நோட்டோடு என்னிடம் வந்துவிட்டார். “பாருங்க மேடம், இதுக்கா பிளானர் வாங்கிக் கொடுத்தேன்?” நான் பக்கத்தைப் பார்த்தேன். அந்த வாரம் முழுவதிலும் பையனின் கையெழுத்தில் இருந்த ஒரே வரி அதுதான். மற்றதெல்லாம் அம்மாவின் கையெழுத்து.

எனக்கு அந்த ‘சும்மா’ ரொம்பப் பிடித்திருந்தது. ஓய்வுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறான், அதற்கு முடிவு நேரமும் போட்டிருக்கிறான். நம்மில் எத்தனை பேருக்கு இது வருகிறது? “சரி, ஆறு மணிக்குச் சும்மா முடிஞ்சதும் என்ன?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ‘மீன்தொட்டித் தண்ணீர்’ என்று எழுதினான். யாரும் சொல்லவில்லை. தொட்டியில் தண்ணீர் மாறியதற்கு நான் சாட்சி இல்லை, அம்மா வந்து சொன்னதுதான். கூடவே “இப்பக்கூட நான் ஒரு வரி எழுதலாமா?” என்றும் கேட்டார். எழுதலாம், பிள்ளையிடம் கேட்டுவிட்டு.

குழந்தை தனியாகவே கற்றுக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை. இன்று கூட ஒருவர் இருந்தால் செய்ய முடிவதை நாளை தானே செய்யும் என்று வைகாட்ஸ்கி என்கிற உளவியலாளர் சொன்னது இங்கே பொருந்தும். பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள், பேனாவை மட்டும் வாங்காதீர்கள். அந்த நோட்டை வைத்துக் குற்றப்பத்திரிகையும் வாசிக்காதீர்கள். ‘நீயே எழுதியிருக்கே, ஏன் செய்யலை?’ என்று அடிக்கடி கேட்டால், பிள்ளை புத்திசாலித்தனமாக எழுதுவதையே நிறுத்திவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். தொலைபேசிச் செயலிகள் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று வந்தேன், நேரம் இல்லை. சுருக்கமாக: பத்து வயது வரை காகிதமே போதும். நினைவூட்டும் மணியை எதிர்பார்த்துப் பழகினால், தானாகத் திறந்து பார்க்கும் பழக்கம் வராது. எழுதாத நாள்களை அப்படியே வெறுமையாக விட்டுவிடுங்கள், உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். நோட்டு தொலைந்துவிட்டது என்று வந்து நின்றால் இன்னொன்று கொடுங்கள், நாளைய தேதியிலிருந்து எழுதட்டும். வணக்கம்.