சத்தமில்லாத ஃபயர்வால்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் அலுவலகத்திலோ கல்லூரியிலோ இணைய இணைப்பு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதித்து அனுப்பும் காவலாளி அது; ஃபயர்வால் என்பார்கள். அதன் கடவுச்சொல்லைப் பற்றியும், தனக்கு உடம்பு சரியில்லை என்று அது அனுப்பும் அலர்ட்டுகளைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

ஃபோர்டிநெட் என்ற நிறுவனம் விற்கும் ஃபயர்வாலின் பெயர் ஃபோர்டிகேட். 2021 செப்டம்பரில் சுமார் 87,000 ஃபோர்டிகேட் பெட்டிகளின் விபிஎன் கடவுச்சொற்கள், அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கானவை, வெளியே கசிந்தன. காரணமான மென்பொருள் ஓட்டைக்கு 2019-லேயே பேட்ச், அதாவது அதை அடைக்கும் திருத்தம், வந்துவிட்டது, கவனியுங்கள். திருடன் வந்துபோன பிறகு பேட்ச் போட்டவர்கள் பிழைத்தார்களா? இல்லை. பேட்ச் ஓட்டையைத்தான் அடைக்கும். திருடு போன கடவுச்சொல் அப்போதும் செல்லும். மாற்றாதவரை ஆபத்து அப்படியே இருக்கும் என்று ஃபோர்டிநெட் நிறுவனமே அறிவித்தது. ஆகவே பேட்ச் போட்ட கையோடு கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: கையோடு.

அதற்காக மாதா மாதம் மாற்றச் சொல்லவில்லை. அப்படிக் கட்டாயப்படுத்தினால் 'ஏப்ரல்@1' போய் 'மே@1' வரும், அவ்வளவுதான். தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பே 2017-இல் அந்தப் பழக்கம் வேண்டாம் என்றுவிட்டது. கசிவு என்ற சந்தேகம் வந்தால் மாற்றுங்கள். அட்மின் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே மாற்றுங்கள். எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில் நுழைந்தால் யார் எதைத் தொட்டார்கள் என்பது பெட்டியின் பதிவேடான லாகில் தெரியாது. ஆளுக்கொரு கணக்கு, கடவுச்சொல்லுக்கு மேல் போனில் கிடைக்கும் குறியீடு போன்ற இரண்டாம் அடுக்கோடு. பெட்டியின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்தை இணையம் பக்கம் திறந்தே வைக்காதீர்கள். அவசரக் கணக்கு ஒன்றின் நீளமான கடவுச்சொல்லை மட்டும் உறையிலிட்டுப் பீரோவில் பூட்டுங்கள்; அந்தக் கணக்கில் யாராவது நுழைந்தால் உடனே அலர்ட் வரவேண்டும்.

அலர்ட் என்றதும் எண்கள். ஃபோர்டிகேட்டில் மெமரி 88 சதவீதத்தைத் தொட்டால் பெட்டி மெமரியை மிச்சப்படுத்தும் சிக்கன நிலைக்குப் போகும். 95-ஐத் தாண்டினால் புதிய இணைப்புகளையே ஏற்காது. 82-க்குக் கீழே இறங்கினால்தான் பழைய நிலை. 88-இல் அலர்ட் வந்து என்ன பயன்? 75-இலேயே வரட்டும். சிபியு அப்படியில்லை, ஒரு நொடி உச்சத்துக்குப் போய் இறங்கும். ஐந்து நிமிடம் தொடர்ந்து 80-க்கு மேல் நின்றால் மட்டும் அலர்ட் என்று வையுங்கள். நொடிக்கொரு மெயில் வந்தால் மூன்றாம் நாளே யாராவது அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிடுவார்கள்.

இப்போது நான் எங்கே போனாலும் சொல்லும் விஷயம். பெட்டி அலர்ட் மெயில் அனுப்புவதற்கு ஒரு மெயில் கணக்கு வேண்டும், அதற்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. மெயில் சர்வரைப் பார்ப்பவர் ஒருநாள் அதை மாற்றுவார். ஃபயர்வாலில் மாற்றச் சொல்ல மறந்துவிடும். அன்றிலிருந்து ஒரு அலர்ட்டும் வராது. பெட்டி நன்றாக இருக்கிறது என்று நாமும் நிம்மதியாக இருப்போம். இரவில் கூர்க்காவின் விசில் கேட்டால்தானே ஆள் விழித்திருக்கிறார் என்று தெரியும்? அதனால் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு சோதனை மெயில் வரட்டும். வராத மெயிலை மனிதர் கவனிக்கமாட்டார். 'எட்டேகாலுக்குள் வரவில்லை' என்று கூச்சலிடும் வேலையை வேறொரு சர்வரிடம் கொடுங்கள். அந்த சர்வருக்கு வேறு இணைப்பு இருக்கட்டும். இணைய லைன் அறுந்தால், அறுந்தது என்ற செய்தியும் அதே லைனில்தானே போகவேண்டும்!

இரண்டு பவர் சப்ளை உள்ள பெட்டியானால், வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே சொல்லிவைத்து, ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில், யாருடைய போனுக்கு அலர்ட் வந்தது? பெரும்பாலும் எப்போதோ வேலையை விட்டுப் போனவர் போனுக்குத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். பேக்கப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஒன்று மட்டும். பெட்டியின் அமைப்புகளை நகலெடுத்து வைக்கும் கான்ஃபிகரேஷன் பேக்கப் கோப்பைக் கடவுச்சொல் போட்டே சேமியுங்கள், ஆனால் அதே ஃபோல்டரில் அந்தக் கடவுச்சொல்லை எழுதி வைக்காதீர்கள். லைசென்ஸும் சான்றிதழும் காலாவதியாக முப்பது நாள் முன்பே அலர்ட் வரட்டும். வணக்கம்.