மூன்று மார்க் வாங்கினால் நல்ல ஆய்வா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று நாலு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கிற ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு 18 ஆய்வுகள் எடுத்திருக்கிறேன். ஜடாட் அளவுகோலில் மூன்றுக்குக் கீழே வாங்கியதை எல்லாம் தூக்கிவிடு என்கிறார் கைடு. அது போதுமா?"

போதாதும்மா. சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்றால் ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடித் தொகுத்துப் பார்ப்பது. ஜடாட் என்பது சிகிச்சை ஆய்வுகளின் தரத்துக்கு மார்க் போடுகிற அளவுகோல், 1996-இல் வந்தது, மொத்தமே ஐந்து மார்க். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல ரேண்டமாகக் குழுக்களாகப் பிரித்ததற்கு இரண்டு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாமல் வைக்கிற டபுள் பிளைண்டுக்கு இரண்டு, நடுவில் விலகியவர்களின் கணக்கைச் சொன்னதற்கு ஒன்று. எளிதாக இருப்பதால்தான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அடுத்து வருகிற நோயாளி எந்தக் குழுவுக்குப் போவார் என்பதை, அவரைச் சேர்க்கிற ஆளுக்கே தெரியாமல் மறைத்தார்களா என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குப் புளிக் கதை தெரியும், இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு துண்டு புளியை ஒட்டிவைத்தால், தட்டை எவ்வளவு துலக்கி வைத்தாலும் எடை தப்பாகத்தான் வரும். ஆய்வில் அந்தப் புளிக்குப் பெயர் சாய்வு, முடிவை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டுகிற தப்பு. மார்க் போடுவது தட்டு பளபளக்கிறதா என்று பார்க்கிற வேலை. புளி எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு இழுக்கும், அதைப் பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருந்து ஆய்வில் உதவியாளராக இருந்தேன். கம்ப்யூட்டரில் வரிசை எடுத்து, சீட்டு மடித்து, பழுப்பு கவர்களில் ஒட்டி, மேலே எண் போட்டு வைத்திருந்தோம். கவர் மெல்லிசு. ஒரு சாயங்காலம் வார்டில் ஒரு டாக்டர் அடுத்த கவரை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார், உள்ளே இருந்த எழுத்து தெரிந்தது. வெளியே பெஞ்சில் இருந்த பெரியவரைக் காட்டி, "இந்த மருந்தை இவர் தாங்கமாட்டார், இவரை விட்டுட்டு அடுத்தவரைச் சேர்த்துக்கலாம்" என்றார். அந்தப் பெரியவர் மேல் இருந்த அக்கறையில் செய்ததுதான். ஆனால் அந்த நிமிடமே ரேண்டம் போச்சு. ஜடாடில் மட்டும் ரேண்டமுக்கு இரண்டு மார்க்கும் கிடைத்திருக்கும்.

இது சின்ன விஷயம் கிடையாது. 1995-இல் ஷுல்ஸும் அவரோடு இருந்தவர்களும் 250 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். இந்த மறைப்பு ஒழுங்காக இல்லாத ஆய்வுகள், ஆட்ஸ் ரேஷியோ கணக்கில் (ஒரு விஷயம் நடக்கிற வாய்ப்பை இரண்டு குழுக்களுக்கும் ஒப்பிடுகிற கணக்கு), சிகிச்சையின் பலனை 41 சதவீதம் கூட்டிக் காட்டின.

மார்க் கதை இன்னும் மோசம். 1999-இல் யூனி குழுவினர் அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற ஹெப்பாரின், பழைய வகை மேலா புது வகை மேலா என்று பார்த்த 17 ஆய்வுகளை எடுத்து, 25 அளவுகோல்களால் மார்க் போட்டார்கள். ஆறு அளவுகோல்களின்படி, தரமான ஆய்வுகளில் புது வகைக்குப் பெரிதாக ஒன்றும் பலன் இல்லை, தரம் குறைந்தவற்றில்தான் பலன். ஏழு அளவுகோல்களில் அப்படியே தலைகீழ். அதே 17 ஆய்வுகள்தான்! எந்த அளவுகோலை எடுக்கிறீர்களோ அந்த விடை வரும் என்றால் அது என்ன விடை?

சரி, என்ன செய்வது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கிற காக்ரேன் அமைப்பின் கருவி, 2019-இல் வந்த ராப் 2, எடுத்துக்கொள்ளுங்கள். அது மொத்த மார்க் கேட்காது, ஐந்து இடங்களில் சாய்வு இருக்கிறதா என்று கேட்கும், அதுவும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக. இறந்தாரா இல்லையா என்பதில் பிளைண்டிங் இல்லாவிட்டாலும் அளப்பவர் கண் அவ்வளவாக ஏமாற்றாது. வலி எவ்வளவு என்று கேட்டால் ஏமாற்றும். இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள். சந்தேகமான ஆய்வுகளைத் தூக்கிப் போடாமல், சேர்த்து ஒரு தடவை, விட்டு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒரு கேள்வி, கேட்டிருந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்திருக்கும்: அந்த ஆய்வு உண்மையிலேயே நடந்ததா? கோவிட் காலத்தில் எகிப்திலிருந்து ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்து பற்றி 2020 நவம்பரில் ஒரு முன்பதிப்பு (நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியிடுகிற கட்டுரை) வந்தது. பலன் அபாரம், பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடுகிற தொகுப்பாய்வுகள் பலவற்றில் அது உள்ளே போனது. லண்டனில் ஒரு மாணவர் அதன் மூலத் தரவைத் திறந்து பார்த்தார். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே சிலர் இறந்துபோனதாகத் தேதி இருந்தது, நோயாளிகளின் விவரங்கள் அப்படியே நகலெடுத்த மாதிரி திரும்பத் திரும்ப வந்தன. 2021 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். எந்த மார்க்கும் அதைப் பிடித்திருக்காது, தேதிகளை வரிசையாகப் படித்ததுதான் பிடித்தது.

அதனால் அந்த 18 ஆய்வுகளுக்கும், ஆய்வுகளைப் பதிகிற பொதுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று தேடுங்கள், பதிவு செய்த தேதியையும் முதல் நோயாளி சேர்ந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். யார் எந்தக் குழு என்பதை எப்படி மறைத்தார்கள் என்று கட்டுரையில் இல்லாவிட்டால் எழுதியவருக்கே மெயில் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் அதையே எடுத்துப் பேசலாம்.